நானே போட்ட மொட்டை மனு, நானே செய்த விசாரணை

அந்தப் பழுப்பு உறையைத் தபால்காரர் என் மேஜையில் வைத்தபோது நான் மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உறையின் மேல் ‘அவசரம்’ என்று சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார்கள். அவசரம் என்று எழுதிய கடிதங்கள்தான் எங்கள் பள்ளிக்கு ரொம்பத் தாமதமாக வரும். அதனால் கணக்கை முடித்துவிட்டு நிதானமாகவே பிரித்தேன்.

உள்ளே டிப்டி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக் குறிப்பு ஒன்று. அதோடு குண்டூசியில் குத்திய ஒரு மனு. ‘இணைப்பில் கண்ட மனுவின் மீது நேரில் விசாரித்துப் பத்து நாட்களுக்குள் அறிக்கை அனுப்பவும்’ என்று என் பதவியைக் குறிப்பிட்டு எழுதியிருந்தது.

மனுவைப் புரட்டினேன். எங்கள் ஊர் உதவி பெறும் பள்ளியில் வராத பிள்ளைகளை வந்ததாகப் பதிவேட்டில் குறித்துச் சர்க்கார் மானியம் வாங்குகிறார்கள் என்பது புகார். கீழே கையெழுத்து இல்லை. ‘உண்மை விளம்பி’ என்று மட்டும் இருந்தது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்து கோணல்மாணலாகக் கிடந்தது.

சாயாமல் என்ன செய்யும்? இடது கையால் எழுதினால் அப்படித்தான் வரும். எழுதியது நான்.

சென்ற வாரம் வாசகர் ஒருவர், “டீச்சர், உங்கள் கதையில் எல்லா இடத்திலும் நீங்கள் நல்லவராகவே வருகிறீர்களே” என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த வார அத்தியாயம் அவருக்காக.

இரண்டு பள்ளிக்கூடம், ஒரே ஊர்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் இருந்த ஊர் அது. அந்தச் சின்ன ஊருக்கு இரண்டு ஆரம்பப் பள்ளிகள். மேற்கே இருந்தது என்னுடையது. முதலில் ஜில்லா போர்டுப் பள்ளி, பிறகு பஞ்சாயத்து யூனியன் பள்ளி. போர்டு போய் யூனியன் வந்தபோது பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினார்கள். பலகைக்கு மேலே இருந்த ஓட்டை ஓடு அப்படியே இருந்தது.

அந்த ஓட்டைக்கு ஒரு தனிக் கதை உண்டு. மழைக்காலத்தில் ‘கூரை ஒழுகுகிறது’ என்று எழுதிப் போட்டேன். பங்குனி வெயிலில் பதில் வந்தது: ‘தற்போதும் ஒழுகுகிறதா எனப் பார்த்துத் தெரிவிக்கவும்.’ வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நான் பார்த்து எதைத் தெரிவிக்க? ‘மழை பெய்தால் ஒழுகும்’ என்று எழுதினேன். ‘யூகமாக எழுத வேண்டாம்’ என்று அதற்கும் ஒரு பதில் வந்தது. என் பள்ளியின் நிர்வாகம் அப்படி. ஒரு சாக்பீஸ் பெட்டிக்கு மூன்று மேஜை தாண்ட வேண்டும்.

கிழக்கே கடைவீதியில் இருந்தது மற்றொன்று. வியாபாரிகள் சேர்ந்து நடத்திய பள்ளி. பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி, எது கைமாறினாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்குவார்கள். கோயிலுக்குப் போனது போக மீதி பள்ளிக்கூடத்துக்கு. ஆசிரியர் சம்பளத்துக்குச் சர்க்கார் மானியம் வரும். அதுவும் பிள்ளைகளின் வருகையைப் பொறுத்தது. மற்ற எல்லாவற்றுக்கும் மகமை. பள்ளியின் செயலாளர் பருத்தி வியாபாரி. அவருடைய கடையில், மூட்டைகளுக்கு நடுவே ஜமக்காளம் விரித்துக் கமிட்டி கூடும். தலைமையாசிரியர் போய் நின்று, “அண்ணாச்சி, ஒரு மணி வேணும்” என்றால் மறுவாரம் வெண்கல மணி வந்துவிடும்.

அந்தத் தலைமையாசிரியர்தான் அய்யாத்துரை சார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. காலர் நைந்த இரண்டே கதர்ச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சம்பளம் என்னைவிடக் குறைவு, அதுவும் மாதம் தவறித்தான் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது.

குழம்பு வாசனை

மதிய உணவுத் திட்டம் வந்த புதிது. சர்க்கார் ஒரு பங்கு தரும், மீதியை ஊர் தர வேண்டும். என் பள்ளிக்கு ஊர்ப்பங்கு என்று வந்தது குருணையும் பூச்சி விழுந்த மொச்சையும். அங்கே கமிட்டிக்காரர்கள் கடையிலிருந்து துவரம்பருப்பு அனுப்புவார்கள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்க்காற்று அடித்தால் அவர்கள் பள்ளிப் பருப்புக் குழம்பு, கடுகு தாளித்த வாசனையோடு என் வகுப்புக்குள் நுழையும். பிள்ளைகள் மூக்கைத் தூக்குவார்கள். நான் ஜன்னலைச் சாத்துவேன். ஜன்னலுக்கு ஒரு கதவுதான் இருந்தது.

புதுப் பெஞ்சு வந்தபோது பார்க்கக் கூப்பிட்டார். போனேன். வார்னிஷ் காயாத தேக்குப் பெஞ்சுகள். கையை வைத்துப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. “நல்லாருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் என் கணவர் மேல் எரிந்து விழுந்தேன்.

என் கணவர் சிவகாசியில் அச்சாபீஸில் வேலை. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கும் மெஷினில் நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபிக்கும்போதுகூட அவர் நகக்கண்ணில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு, “பெஞ்சுதானே எஸ்தர், கப்பலா வாங்கிட்டாக?” என்று கேட்டார். கப்பல் வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பெஞ்சைப் பொறுக்கலாம், பிள்ளைகள் போவதைப் பொறுக்க முடியவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வண்டி கட்டி ஊரே போய்விடும். அன்றைக்கு மூன்று பிள்ளைகளோடு நான் உட்கார்ந்திருப்பேன், அது வருஷத்துக்கு ஒரு நாள். தீப்பெட்டி ஆபீஸ் அப்படி இல்லை. தீபாவளி சீசனுக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி, மற்ற நாளெல்லாம் தீப்பெட்டி. காலை ஆறு மணிக்கு ஊர் எல்லையில் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும். எட்டு வயதுப் பெண்பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். போய்க் கட்டைச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்க வேண்டும். சாயங்காலம் இருட்டும்போதுதான் திரும்புவார்கள். என் பதிவேட்டில் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று பெயருக்கு எதிரே ‘நின்றுவிட்டாள்’ என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

அதே ஊர், அதே வண்டி, அதே ஹாரன். அவர் பதிவேட்டில் மட்டும் யாருமே நிற்கவில்லை. அது எப்படி?

ஆறாம் வகுப்பு

அந்த வருஷம் எங்கள் ஊருக்கு ஆறாம் வகுப்பு தரப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரே ஒரு பள்ளிக்குத்தான். ஐந்தாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் வருகை அதிகமோ அதற்கு.

ஆறாம் வகுப்பு வந்தால் என் பள்ளி உயர்நிலை ஆரம்பப் பள்ளி. ஒரு வாத்தியார் கூடுதலாக வருவார், கூரை மாறும். என் பதவியும் ஒரு படி ஏறும். வராவிட்டால் அய்யாத்துரை சாருக்கு அது போகும். என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அடுத்த வருஷம் என் மகளே அந்தத் தேக்குப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு விருதுநகர் போனேன். மனுவை முந்தானைக்குள் வைத்திருந்தேன். ஊர்த் தபால்பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? வற்றல் மண்டிப் பக்கம் ஒரு தபால்பெட்டி இருந்தது. நெடியில் தும்மிக்கொண்டே போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது வற்றல் நெடிதான். அன்றைக்கு எனக்குத் துளி வருத்தமும் இல்லை. துணியும் எடுத்தேன்.

டிப்டி இன்ஸ்பெக்டரே ஜீப்பில் வந்து இறங்குவார், கையும் களவுமாகப் பிடிப்பார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை. பக்கத்தில் இருக்கும் யூனியன் பள்ளித் தலைமையாசிரியரே விசாரிக்கட்டும் என்று யாரோ ஒரு குமாஸ்தா குறிப்பெழுதிவிட்டார். அந்தத் தலைமையாசிரியர் நான்.

விசாரணை அதிகாரி போகிறாள்

மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

உத்தரவை நீட்டினேன். அய்யாத்துரை சார் குறிப்பையும் மனுவையும் வாசித்தார். எழுத்தை அடையாளம் கண்டுகொள்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“பாருங்க டீச்சர். எல்லாப் பதிவேடும் இங்கனதான் இருக்கு.”

ஐந்தாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்தேன். அன்றைய தேதியில் எல்லாருக்கும் வருகை போட்டிருந்தது. தலையை எண்ணினேன். பாதிப் பேர் இல்லை. உள்ளே ஒரு குலவைச் சத்தம் கேட்டது எனக்கு. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டேன்.

“மத்தவுக எங்க சார்?”

“தீப்பெட்டி ஆபீஸ்ல.”

“அப்ப வந்ததாப் போட்டிருக்கீக?”

“வந்தாகளே.” அவர் குரல் மாறவில்லை. “நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க டீச்சர். அதையும் பாத்துட்டு எழுதுங்க.”

போனேன். பொய்யைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

அரிக்கேன் விளக்கு இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தேக்குப் பெஞ்சில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். காலுக்கடியில் தூக்குச்சட்டிகள். பழைய சோற்றின் புளிப்பும் மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்து வீசியது. சில பிள்ளைகளின் விரல்நுனியில் தோல் உரிந்திருந்தது. அந்த விரலால் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து திருத்திக்கொண்டே போனார்.

கடைசிப் பெஞ்சில் மூன்று பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் தெரிந்தது. மூன்று பேரும் என் பதிவேட்டில் ‘நின்றுவிட்டாள்’ என்று நான் எழுதியவர்கள்.

“ஏ பேச்சி, நீ படிப்ப நிறுத்திட்டேன்னு உங்க அம்மா வந்து சொன்னாகளே?”

பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். “பத்து மணிக்கு வரமாட்டாம நின்னேன் டீச்சர். இங்கன அஞ்சு மணிக்கே வாத்தியார் இருக்காக.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “இதுக பேரு உங்க பதிவேட்டுல இல்லையே சார்?”

“உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. நான் எப்படிப் பேரு எழுத? சும்மா வருதுக, படிக்குதுக.”

ஆறு மணிக்கு ஹாரன் கேட்டது. ஒரே நிமிஷத்தில் வகுப்பு காலியானது. அவர் துடைப்பத்தை எடுத்துச் சிந்திய பருக்கைகளைக் கூட்ட ஆரம்பித்தார்.

நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. பெஞ்சைப் பார்த்துப் பட்டதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி வந்தது. ஐந்து மணிக்குப் பள்ளியைத் திறக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அதற்கு மகமை வேண்டியதில்லை, மூன்று மேஜை தாண்ட வேண்டியதில்லை. ஒரு சாவி போதும். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

ஒரு வாக்கியம்

அன்று பள்ளி விட்டு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வலது கையால்.

‘பள்ளி வேலை நேரத்தில் நேரில் சென்று பார்வையிட்டேன். ஐந்தாம் வகுப்பில் வருகை தந்ததாகக் குறிக்கப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வகுப்பில் இல்லை. அவர்கள் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றிருப்பதாகத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார்.’

அதற்குக் கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். காலை ஐந்து மணிக்கு அதே மாணவர்கள் வந்து படிப்பதை நேரில் கண்டேன் என்று. பேனாவை மையில் தொட்டேன். என் கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“காலைல அஞ்சு மணிக்குப் போனியே, அது இதுல இல்லையே?”

“வேலை நேரம் பத்துலருந்து நாலுங்க. ரூல்ஸ் அதத்தான் கேக்குது.”

“ரூல்ஸ் கேக்குது. சரி. நீ என்ன சொல்லுத?”

கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன். என் அறிக்கையில் ஒரு பொய் கிடையாது. இத்தனை வருஷம் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட்டது கிடைத்தது

மானியத்தை நிறுத்தினார்கள். கமிட்டி கூடியது. வியாபாரிகளுக்குப் பணம் போனது பெரிதாகப் படவில்லை. ‘மகமையில நடக்குற பள்ளிக்கூடத்துக்குத் திருட்டுப் பேரா’ என்பதுதான் அவர்களுக்கு. காலை வகுப்பு கமிட்டிக்குத் தெரியும். ஆனால் அதிகாரி கேட்டபோது அதற்குக் காகிதம் இல்லை. இருந்திருக்க வேண்டிய ஒரே காகிதம் என் அறிக்கை. மானியம் திரும்ப வரவேண்டுமானால் தலைமையாசிரியரை மாற்று என்றது டிப்டி இன்ஸ்பெக்டர் அலுவலகம். மாற்றினார்கள். அய்யாத்துரை சார் ஒரு பருத்தி மண்டியில் கணக்கெழுதப் போனார்.

ஆறாம் வகுப்பு எனக்கு வந்தது. கூரை மாறியது. திறப்பு விழாவுக்கு யூனியன் சேர்மன் வந்தார், எனக்குச் சந்தன மாலை போட்டார்கள். ஐந்து மணிக்குப் படித்த பிள்ளைகள் யாரும் விழாவுக்கு வரவில்லை, வண்டி ஏறிப் போயிருந்தார்கள். புது வகுப்பில் என் மகளோடு சேர்த்து ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் அய்யாத்துரை சார் என் பள்ளிக்கு வந்தார். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு காகிதத்தை நீட்டினார். பதினோரு பெயர். பேச்சியம்மாள் பெயர் முதலில் இருந்தது.

“அஞ்சாவது பாடம் முடிச்ச பிள்ளைக டீச்சர். ஊருக்கு ஆறாவது வந்திருச்சுல்லா, சேத்துக்கிடுங்க. காலைல ஒரு மணி நேரம் தொறந்து விட்டீகன்னாப் போதும். நானே வந்து சொல்லிக்குடுத்துட்டு மண்டிக்குப் போயிருவேன். சம்பளம் ஒண்ணும் வேண்டாம்.”

என் வாயில் அந்தப் பதில் தயாராக இருந்தது. “வேலை நேரம் பத்து மணி சார். அதுக்கு வெளிய வந்தா வருகை போட ரூல்ஸ் இல்லையே. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும் டீச்சர்.” காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். “உங்க அறிக்கைய கமிட்டில வாசிச்சாக. அதுல பொய் ஒண்ணும் இல்ல.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுப் பிழைத்துப் போயிருப்பேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து பள்ளிச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். திறக்கத்தான் போனேனா என்று கேட்டால் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்லத் தெரியாது. வழியில் அய்யாத்துரை சார் வீடு. வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை. அங்கே சத்தம் கேட்டு நின்றேன்.

ஒரு பக்கம் காளை இரண்டு பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருந்தன. மறுபக்கம் சாக்கை விரித்துப் பிள்ளைகள். பதினோரு பேருக்கு மேலேயே இருந்தார்கள். பதிவேடு இல்லை, மானியம் இல்லை, பெஞ்சும் இல்லை. பேச்சியம்மாள் எழுந்து நின்று முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள்.

“ஆறு பதினாறு தொண்ணூத்தாறு. ஏழு பதினாறு நூத்திப்பன்னெண்டு. எட்டு பதினாறு நூத்தியிருபத்தெட்டு…”

எங்கேயாவது தடுக்கும் என்று காத்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. என் ஆறாம் வகுப்பில், என் மகள் உட்பட, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் உட்காரச் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, என் கையிலிருந்த சாவியையும் பார்த்தார்.

“வாங்க டீச்சர். உள்ள வாங்க.”

“இல்ல சார், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றேன்.

மணி அப்போது ஐந்தேகால்.